மாய்க்குக என்றொரு பொத்தான்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் கடையைத் திறந்து, கணினிகளின் தூசி தட்டி, சாமி படத்துக்குப் பூ வைத்து, முதல் டீயைக் கையில் எடுப்பதற்குள் வாசலில் குரல்.

"ஏனுங் அம்மணி, சகாயம் எங்கீங்க போச்சு?"

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி வரை தேடினாலும், உதவி கேட்பதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. கேரள எல்லையை ஒட்டிய கோவிந்தாபுரத்தில், வலைத்தளங்களுக்குப் படம் செய்து கொடுக்கும் கடை என்னுடையது. அவர் தென்னந்தோப்புக்காரர். அவருடைய மடிக்கணினியில் படம் செய்யும் மென்பொருளை யாரோ மலையாளத்தில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். அதில் உதவிக்கான இடத்தின் பெயர் 'சகாயம்'. அது எங்கே என்று ஊரெல்லாம் கேட்டுக் கேட்டு, ஊர் அவருக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டது.

அவர் மனைவி செக்கு எண்ணெய் விற்க ஒரு வலைப்பக்கம் தொடங்கியிருந்தார். மேலே தன் படம் வரவேண்டிய கட்டத்தை மட்டும், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று காலியாக விட்டிருந்தார். அந்த அப்புறம் வருவதற்குள் நோயில் போய்விட்டார். அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் சகாயம் இந்த வயதில் மவுஸைப் பிடித்தார். நான் செய்து தருகிறேன் என்றால் பெரிதாகக் கும்பிடுவார்.

"நீங்க சொல்லிக் குடுங்க போதும். நாந்தான் பண்ணோணும்."

உதவி எண்ணுக்கு அழைப்பார். எடுக்கும் பெண்ணிடம், "சாப்பிட்டயா கண்ணு?" என்று ஆரம்பித்து, ஊர் கேட்டு, மழை கேட்டு, தன் சந்தேகம் ஞாபகம் வரும்போது இணைப்பு அறுந்திருக்கும். இணையத்தில் உதவி கேட்கும் மன்றம் ஒன்றைக் காட்டினேன். எந்த நாட்டுக்காரரோ பதில் எழுத, தோப்புக்கு வந்தால் இளநீர் வெட்டித் தருவதாக இவர் மொழிபெயர்த்து அனுப்பினார். அதன்பின் அந்த ஆள், கேட்காமலே உதவிக்கு வர ஆரம்பித்தார்.

படத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் பெயர் வையுங்கள் என்றேன். சொந்தக்காரர்களின் முறைப் பெயர்களை வைத்தார். ஒருநாள் படத்தில் எழுத்துகளைக் காணோம். தேடினால், 'மச்சான்' என்ற அடுக்கு மறைக்கப்பட்டிருந்தது.

"கெணத்துத் தண்ணி தகராறுங்க. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லீங்க."

மனைவி சிரிக்கும் படம் அவரிடம் ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஆஸ்பத்திரியில் எடுத்தது. பின்னால் கட்டில், சுவர். கையில் பிளாஸ்திரி, அதிலிருந்து மேலே போகும் குளுக்கோஸ் குழாய். இவற்றை அழித்தாக வேண்டும். அழிக்கும் பொத்தானில் மலையாளத்தில் 'மாய்க்குக' என்று இருந்தது. தமிழில் மாய்ப்பதென்றால் உயிரை எடுப்பது. அந்தப் பொத்தானுக்கு வந்ததும் அவர் கை நின்றுவிடும். வாரக்கணக்காக நின்றது. அந்தச் செவ்வாய்க்கிழமையும் நின்றது.

"அவ மேல வெச்சு மாய்க்கச் சொல்றீங்களா?"

"அண்ணா, மலையாளத்துல அது சிலேட்டைத் தொடைக்கற மாதிரிங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

"எனக்குத் தெரியாதுங்களா? பொறந்ததுல இருந்து பேசறனுங்க. வாய் மலையாளம் பேசுமுங்க. கை தமிழுங்களே."

மென்பொருளைத் தமிழுக்கு மாற்றினேன். மாற்றிய பிறகுதான் நானும் படித்தேன்: 'அழி'.

"இது அதுக்கும் மேல இருக்குதுங்களே!"

ஆங்கிலத்துக்கு மாற்றினேன். கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"இரேஸ்."

"எனக்கு ஒண்ணும் புரியலீங்க. இதே இருக்கட்டுமுங்க."

மவுஸைப் பிடித்தார். பிளாஸ்திரி போயிற்று. குழாய் போயிற்று. கட்டிலும் சுவரும் போக மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் வெள்ளைப் பின்னணியில் அந்தம்மா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் ஒரு கை, மணிக்கட்டோடு நின்றது. படத்துக்கு வெளியே நின்று பிடித்திருந்த சகாயத்தின் கை.

"அண்ணா, அதையும் எடுத்துருங்க. யாரு கைன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமுங்க" என்றார். "உக்காரக்கூட அவளுக்குத் தெம்பில்லீங்க அன்னிக்கு. நா கைய எடுத்தா சாஞ்சிருவா."

அப்படியே வலைப்பக்கத்தில் ஏற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, வலைப்பக்கத்துக்குள் போய் அந்தப் படத்தைத் திறந்து, கை முடியும் விளிம்பை மட்டும் கொஞ்சம் மங்கலாக்கினேன், வெட்டியதுபோல் தெரியாதபடி.