ஏழாம் நம்பர் ஜன்னல்

"மூட முடியாது," என்றார் ஏழாம் நம்பர் இருக்கைக்காரர்.

'கொஞ்சம் ஜன்னலை மூடுங்க சார்' என்று கேட்ட கண்டக்டர் திகைத்துப்போனாள். பத்தொன்பது வருஷ சர்வீஸில் அவள் 'கொஞ்சம்' போட்டுக் கேட்டு யாரும் மறுத்தது கிடையாது. கொஞ்சம் தள்ளி உட்காருங்க, கொஞ்சம் பையை மடியில வைங்க, கொஞ்சம் குரலைக் குறைச்சுப் பேசுங்க. அந்தக் 'கொஞ்ச'த்தை அவள் சொல்கிற விதத்தில் எப்பேர்ப்பட்ட முரட்டு ஆளும் மடங்கிவிடுவான். அவளுடைய புகார்ப் புத்தகத்தில் இன்றுவரை ஓர் எழுத்து விழுந்ததில்லை. மற்றவர்களின் புத்தகங்கள் கிழிந்து, தீர்ந்து, புதிதாக வாங்கப்பட்டபோதும் அவளுடையது மட்டும் கொடுத்த அன்றைய காகித வாசனையோடு அப்படியே இருந்தது. அடுத்த மாதம் புது கண்டக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவளைத்தான் போடப்போகிறார்கள் என்று டிப்போவில் பேச்சு. எல்லாம் அந்த வெற்றுப் புத்தகத்தின் புண்ணியம்.

"ஏன் சார் முடியாது?" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னாலிருந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்த பஸ்ஸின் அத்தனை கண்களையும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏன்னா, அது என் விருப்பம்."

வெளியே மலைப்பாதை. காலைக் குளிரோடு தூறலும் சேர்ந்திருந்தது. அவளுடைய வழக்கமான பஸ் பட்டறையில் இருந்ததால் டிப்போவில் ஒரு மாற்று வண்டியைக் கொடுத்திருந்தார்கள். அதன் ஏழாம் நம்பர் ஜன்னல் முழுசாகத் திறந்திருந்தது. அதன் வழியாக உள்ளே வந்த காற்று ஏழாம் வரிசையோடு நிற்காமல் எட்டிலிருந்து கடைசி வரிசைவரை ஒருவர் விடாமல் விசாரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"சார், காத்து உங்க சீட்டோட நிக்கலையே," என்று பத்தாம் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். காதில் மப்ளர், கையில் கோப்பு. சுகாதார அதிகாரியாம். "பின்னாடி ஒரு கைக்குழந்தை இருக்கு. எல்லாரும் தும்ம ஆரம்பிச்சாச்சு. நகருங்க, நானே மூடறேன்."

அவர் கையை நீட்டினார். ஏழாம் நம்பர்காரர் சட்டென்று தன் கையைக் குறுக்கே வைத்து ஜன்னலை மறைத்துக்கொண்டார்.

"தொடாதீங்க. நான் முப்பது வருஷம் காலேஜ்ல அறவியல் பாடம் எடுத்தவன். தனிமனித சுதந்திரம்னா என்னன்னு எனக்கு நீங்க சொல்லித்தர வேண்டாம்."

பேராசிரியர் என்றதும் பஸ்ஸில் ஒரு மரியாதை பரவியது. அதிகாரி மட்டும் அசரவில்லை.

"ஊரோட ஒத்து வாழணும்னு உங்க பாடத்துல இல்லையா சார்?"

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்னு உங்க ஆபீஸ்ல யாரும் சொல்லலையா?"

"நாப்பது பேரோட நன்மை பெருசா, ஒருத்தரோட ஆசை பெருசா?"

"நன்மைன்னு யாரு முடிவு பண்றது? நீங்களா?"

கண்டக்டர் இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். கூட்ட நெரிசலில் முட்டிக்கொண்ட எத்தனையோ தலைகளை விலக்கிவிட்டவள் அவள். இது அவளுக்கு ஜுஜுபி.

"நான் முடிவு பண்ணலை, அவரும் முடிவு பண்ண வேண்டாம். எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம். ஜன்னலை மூடணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க."

பஸ் முழுக்கக் கைகள் எழுந்தன. பஸ் லேசாக வலப்பக்கம் ஒதுங்கியது.

"அண்ணே, நீங்க கையைக் கீழ வைங்க," என்று டிரைவருக்குக் குரல் கொடுத்துவிட்டு எண்ணினாள். முப்பத்தேழு. தூக்காதவர்கள் மூன்று பேர்: பேராசிரியர், கைக்குழந்தை, பேராசிரியர் பக்கத்தில் தலையோடு சால்வை போர்த்திச் சுருண்டிருந்த அவர் மனைவி. அந்த அம்மாவுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாதாம்.

"முடிஞ்சது சார். கொஞ்சம் மூடிடுங்க."

பேராசிரியர் எழுந்து நின்றார். காற்றில் அவருடைய நரைமுடி கொடிபோலப் பறந்தது.

"ஒரு கேள்வி. இந்தக் குளிர்ல என் ஸ்வெட்டர் நல்லா இருக்கு. அது அவருக்கு வேணும்னு முப்பத்தேழு பேரும் கையைத் தூக்கினா, நான் கழட்டிக் குடுத்துடணுமா?"

மூன்றாம் வரிசைக்காரர் தன் சட்டைப் பித்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இன்னிக்கு என் ஜன்னல். நாளைக்கு உங்க சீட்டு. நாளன்னிக்கு உங்க வீட்டுக் கதவு. தலையை எண்ணி நியாயம் சொல்ல ஆரம்பிச்சா, ஒத்தைத் தலையா மாட்டறவன் கதி என்ன?"

"அவர் சொல்றதும் சரிதானே," என்றது ஒரு குரல். "எங்க வீட்ல நான் ஒருத்தன், மத்தவங்க அஞ்சு பேர். எனக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்," என்றது இன்னொன்று. ஐந்து நிமிஷத்தில் பஸ் இரண்டு கட்சியாகிவிட்டது. முப்பத்தேழு என்ற எண்ணிக்கை வெயில் பட்ட பனிபோலக் கரைந்தது.

கண்டக்டர் விடவில்லை. "சரி. அவங்கவங்க ஜன்னல் அவங்கவங்க விருப்பம். தொறக்கணும்னா தொறங்க, மூடணும்னா மூடுங்க. தகராறே வேண்டாம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பேராசிரியர் கட்சியைச் சேர்ந்த ஆறு பேர், குளிருகிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல், கொள்கைக்காகத் தங்கள் ஜன்னல்களைப் படார் படாரென்று திறந்தார்கள். பஸ்ஸுக்குள் சூறாவளி புகுந்தது. செய்தித்தாள்கள் பறந்தன. அதிகாரியின் கோப்பிலிருந்த தாள்கள் பறந்தன. ஐந்தாம் வரிசையில், மடியில் சட்டைக்கு வெட்டிய காகித அளவுகளைச் சுருட்டி வைத்திருந்த தையல்காரம்மா, பதறிப்போய் எழுந்தாள்.

"ஐயோ, என் கை போச்சு. கை வெளியே போயிடுச்சு."

டிரைவருக்கு ரத்தம் உறைந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, குதித்து இறங்கி, கண்ணை மூடிக்கொண்டே பின்பக்கம் ஓடினார். ரோட்டோரப் புல்லில் கிடந்தது ஒரு காகிதக் கை. வலது கை, முழுக்கை. அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியையும் கோபத்தையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இந்தாம்மா உன் கை," என்றார். பிறகு கண்டக்டரிடம், "எட்டு நிமிஷம் லேட்டு" என்றார்.

எட்டு நிமிஷம். அவள் வண்டி எட்டு நிமிஷம் தாமதமாகி எத்தனையோ காலம் ஆகிறது.

"இடத்தை மாத்துவோம்," என்றாள். "காத்து பின்னாடிதான் போகுது. காத்து வேண்டாம்ங்கறவங்க முன்னாடி வாங்க. வேணும்ங்கறவங்க பின்னாடி போங்க."

பாதிப் பேர் முன்னே வர, பாதிப் பேர் பின்னே போக, நடுவில் பெட்டிகள் சிக்கிக்கொண்டன. கைக்குழந்தை மூன்று மடிகள் மாறி, கடைசியில் சம்பந்தமில்லாத ஒரு மாமாவின் தோளில் தூங்கிப்போனது. எல்லாம் ஒருவழியாக அடங்கியபோது, பின்னால் போன சுதந்திரக் கட்சிக்காரர்கள் நடுங்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் மெதுவாகத் தன் ஜன்னலை இழுத்து மூடினார். அடுத்தவரும் மூடினார்.

"என்னங்க, கொள்கை?" என்று அதிகாரி சீண்டினார்.

"மூடறதும் எங்க சுதந்திரம்தானே."

ஆறு ஜன்னல்களும் மூடிக்கொண்டன. பேராசிரியர் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. "டிக்கெட்டுல ஏழுன்னு போட்டிருக்கு. ஏழுலதான் இருப்பேன்." அவருடைய காதுகள் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தன. பல் தந்தியடித்தது. ஆனாலும் ஜன்னல் பக்கம் வைத்த கையை எடுக்கவில்லை. கண்டக்டருக்கு அந்தப் பிடிவாதத்தின்மேல் எரிச்சலோடு ஒரு மதிப்பும் வந்தது. மனுஷன் சொன்ன சொல்லுக்காக விறைத்துப் போகவும் தயாராக இருக்கிறாரே.

"போதும்," என்றார் அதிகாரி. "புகார்ப் புத்தகத்தைக் குடுங்க."

"எனக்கும் வேணும்," என்றார் பேராசிரியர். "அவருக்கப்புறம்."

அவள் கை தானாகப் பையைத் தடவியது. பத்தொன்பது வருஷம். ஒரு கண்ணாடிச் சில்லுக்காகவா?

அவள் பையிலிருந்து எடுத்தது புத்தகத்தை அல்ல, குடையை. டிப்போவில் கொடுத்த பெரிய கறுப்புக் குடை. எட்டாம் வரிசையில் போய் உட்கார்ந்து, அதை விரித்து, பேராசிரியரின் ஜன்னலுக்கு நேர் பின்னால் கேடயம்போலப் பிடித்துக்கொண்டாள்.

"சார், உங்க ஜன்னல் உங்க விருப்பம். அதுல நான் கை வைக்க மாட்டேன்," என்றாள். "அந்தக் காத்து இவங்க மேல படாமப் பாத்துக்கறது என் வேலை. அதுல நீங்க கை வைக்காதீங்க."

காற்று குடையில் மோதியது. அவள் கை முழங்கை வரை நனைந்தது. ஆனால் பின்வரிசைகளில், ஒரு மணி நேரத்தில் முதல் முறையாக, யாரும் தும்மவில்லை.

பிறகு தையல்காரம்மா எழுந்து வந்தாள். "குடுங்கம்மா, எனக்குத்தான் கை திரும்பக் கிடைச்சிருச்சே. கொஞ்ச நேரம் நான் பிடிக்கறேன்." அவளுக்குப் பிறகு மூன்றாம் வரிசைக்காரர் வந்தார். அப்புறம் வீட்டில் ஐந்து பேருக்கு எதிராக ஒற்றை ஆளாக இருப்பவர். யாரும் உத்தரவு போடவில்லை, கை தூக்கச் சொல்லவில்லை. ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். கடைசியாக அதிகாரி மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"நான் பத்து நிமிஷம் பிடிக்கறேன்," என்றார். "பொது சுகாதாரம் என் டிபார்ட்மெண்ட்."

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது; குளிரினாலும் இருக்கலாம்.

"முப்பது வருஷம் ரெண்டு கட்சியையும் பாடமா நடத்தினேன்," என்றார் நடுங்கிக்கொண்டே. "பொதுநலத்துக்காக ஒருத்தனை மிதிக்கற ஊரைப் பாத்திருக்கேன். சுதந்திரம்னு சொல்லி ஊரை மிதிக்கற ஒருத்தனையும் பாத்திருக்கேன். ஒருத்தனோட சுதந்திரத்துக்காக ஊரே முறை போட்டுக் குடை பிடிக்கறதை இன்னிக்குத்தான் பாக்கறேன். புத்தகத்தைக் குடும்மா."

கொடுத்தாள். ஒட்டிக்கொண்டிருந்த முதல் பக்கத்தை அவர் விறைத்த விரல்களால் பிரித்தார். ஆடும் பஸ்ஸில், கோணல்மாணலான எழுத்தில், பக்கம் முழுக்கப் பாராட்டு எழுதினார். 'இந்தக் கண்டக்டர் ஒரு பல்கலைக்கழகம்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். கீழே அதிகாரியும் போட்டார். தையல்காரம்மா போட்டாள். முப்பத்தெட்டுக் கையெழுத்துகள் சேர்ந்தன. டிரைவர் கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திய பிறகு போட்டார்.

பயணிகள் இறங்கினார்கள். வழக்கமாக முண்டியடித்து இறங்குகிறவர்கள் இன்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு, ஏதோ போரில் ஜெயித்துவிட்டு வந்த படை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார்கள். பேராசிரியரும் அதிகாரியும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கண்டக்டர் படிக்கட்டில் நின்று எல்லோருக்கும் விடை கொடுத்தாள். புடவை முந்தானை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆனால் பயிற்சி வகுப்பில் முதல் நாள் என்ன பேசவேண்டும் என்பது அவளுக்கு இப்போதே தெரிந்துவிட்டது.

கடைசியாக, சால்வையை விலக்கிக்கொண்டு பேராசிரியரின் மனைவி வந்தாள். கண்டக்டர் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"நீங்க நல்லாத் தூங்கிட்டீங்கம்மா. பெரிய விஷயத்தை விட்டுட்டீங்க. உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு கொள்கைப்பிடிப்பை நான் பாத்ததே இல்லை."

"நான் எங்கம்மா தூங்கினேன்?" என்றாள் அந்த அம்மா, தூரத்தில் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்த கணவரைப் பார்த்தபடி. "பஸ் கெளம்பினதுலேர்ந்து அரை மணி நேரம் அந்த ஜன்னலை மூடறதுக்குத்தான் மல்லுக்கட்டினாரு, கண்ணாடி இம்மி நகரலை; அத்தனை பேருக்கு முன்னாடி 'எனக்கு மூட வரலை'ன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, சுதந்திரம்னு ஆரம்பிச்சுட்டாரு."