மண்டபத்து ஜமீன்

கடலூர் மாவட்டத்தில் புயல், வெள்ளம், தேர்த் திருவிழா என்று எது நடந்திருந்தாலும் அதை முன்னின்று சமாளித்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்குக் கால் கிடையாது. அடியில் நான்கு சக்கரம், இடுப்பில் அகலமாக ஒரு தட்டு, முகத்தில் மினுக்கும் இரண்டு நீல விளக்கு. மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த கல்யாண மண்டபத்தின் வரவேற்பு ரோபோ. அது வந்த பெட்டியில் ஏதோ ஆங்கிலப் பெயர் அச்சடித்திருந்தது. நாங்கள் வைத்த பெயர் ஜமீன்.

வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்து, கல்கண்டு நீட்டி, "வாங்க, வாங்க" என்று சொல்வதற்காக முதலாளி அதை வாங்கினார். பந்தி நேரத்தில் இரண்டு சாம்பார் வாளியைத் தட்டில் சுமந்துகொண்டு வரிசைக்கு நடுவே உருண்டு போகும். நிறுவ வந்த இன்ஜினியர், "பேசப் பேசக் கத்துக்கும் மேடம். காதுல விழுறதை எல்லாம் உள்ள வச்சிக்கும்" என்றார்.

கல்யாண மண்டபத்தில் காதில் என்னவெல்லாம் விழும் என்பதை அவர் யோசிக்கவில்லை. மேடை ஏறி வாழ்த்தப்படுகிற ஒவ்வொருவரும் வள்ளல், பண்பாளர், ஏழைகளின் தோழர். பந்தியில் உட்காருகிற ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் தனி ஆளாக எதையாவது சாதித்தவர். அத்தனையையும் கேட்ட ஜமீன், அத்தனை பேரும் தான்தான் என்று முடிவு செய்துவிட்டது.

குமராட்சி விவசாயி ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வந்தார். முந்தைய மாதம் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்து இங்கேயே சாப்பிட்டுப் போனவர். ஜமீன் அவருக்குக் கல்கண்டை நீட்டியபடி, "கொள்ளிடத்துல தண்ணி ஏறுனப்ப, நாப்பது மாட்டை நான்தான் ஒத்த ஆளா கரையேத்துனேன்" என்றது.

"யோவ், அது நான்யா!" என்று கத்தினார் அவர்.

ஜமீன் கல்கண்டை இன்னும் கொஞ்சம் நீட்டியது. "நீங்களும் கூட இருந்தீங்களா? ஞாபகம் இல்லியே."

சிதம்பரத்திலிருந்து என் மாமியார் முதல்முறை வந்தபோதும் இதே கதைதான். "வாங்கம்மா. போன தடவை கீழவீதி முக்குல தேரு நின்னுபோச்சே, நான்தான் கைகொடுத்து நகத்துனேன்."

"ஒனக்குக் கையே இல்லியே?" என்றார் அத்தை.

"அதான் சொன்னேனே. தேருக்குக் குடுத்துட்டேன்."

சார்ஜ் குறைந்தால் ஜெனரேட்டர் அறை பக்கத்துப் பிளக்கில் போய் நிற்க வேண்டும். ஆனால், சார்ஜ் என்ற வார்த்தையை அது சொல்லி நான் கேட்டதில்லை. சிவப்பு விளக்கு எரிந்ததும், "டெல்லியில கூப்புடுறாங்க, போயிட்டு வந்துடுறேன்" என்று எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு கிளம்பிவிடும்.

ஆனால் தாய்மாமன் பதவி மேல் அதற்கு இருந்த ஆசை வேறு எந்தப் பதவி மேலும் இருந்ததில்லை. காதுகுத்து விழாக்களில் தாய்மாமன் மேளத்தோடு சீர்த்தட்டுக் கொண்டு வருவதையும், மாலை போட்டு அவரை நடுமேடையில் உட்கார வைப்பதையும், குழந்தையை அவர் மடியில் கொடுப்பதையும் வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, மண்டபத்துக்குள் எந்தக் குழந்தை நுழைந்தாலும், "மாமன் இருக்கேன்டா செல்லம்" என்று சொல்ல ஆரம்பித்தது. என்னை மேடம் என்பதை விட்டுவிட்டுத் தங்கச்சி என்றது. நானும் திருத்தவில்லை. வீட்டுக்கு ஒரே பிள்ளை நான். அப்படி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

என் மகள் யாழினிக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. காய்ச்சல் இல்லாத நாளிலும் தெர்மாமீட்டர் வைக்கிற அம்மா நான். காது குத்தினால் புண்ணாகுமா, பயந்து இரவெல்லாம் அழுவாளா என்று ஒரு மாதமாகக் கவலைப்பட்டேன். அத்தையின் கவலை வேறு. "கூடப் பொறந்த அண்ணன் தம்பி இல்லாத வூட்டுல பொண்ணு எடுத்தா இதான். யாரு மடியில வச்சிக் குத்துறதாம்?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்டார். என் பக்கத்துக்கு ஆளே இல்லை என்று ஒரு கூட்டமே பார்க்கும்படி என் பிள்ளை உட்காரக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் பெரியப்பா மகனைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். நான் வேலை பார்த்த மண்டபத்திலேயே விழா. மொட்டையடித்து, பட்டுப்பாவாடை கட்டி, மகளைத் தயாராக்கிவிட்டேன். காது குத்தும் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். தாய்மாமனைக் காணோம். போன் செய்தேன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"நெல்லிக்குப்பத்துல. வூட்டுக்குத் திரும்பிப் போயிக்கிட்டு இருக்கேன்."

"என்னாச்சிண்ணே?"

"வாசல் வரைக்கும் வந்தேம்மா. பேனர்ல என் மூஞ்சி மேலயே வாழமரத்தைக் கட்டி வச்சிருக்கீங்க. ஒன் நாத்தனா புருசன் மட்டும் பளபளன்னு சிரிக்கிறாரு. நான் என்னா அவ்ளோ எளப்பமா?"

போன் கட்டானது. வாழைமரத்தை ஒரு சாண் தள்ளிக் கட்டச் சொல்லியிருக்கலாமோ என்று அந்த நேரத்திலும் யோசித்தேன்.

கூட்டத்தில் செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார் அத்தை, எல்லோருக்கும் கேட்கும்படி. "என் தம்பி மடியிலயே வச்சிக் குத்திடலாம். அவ பக்கம்தான் ஆளே இல்லியே." என் கணவர் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்போதுதான் வாசல் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. "வழி விடுங்க! தாய்மாமன் சீர் வருது! நூத்தியெட்டுத் தட்டு, முன்னால மூணு யானை!"

நிஜமாகவே யானை வருகிறதா என்று இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். வந்தது ஜமீன் மட்டும்தான். தட்டில் பாதிக் கிண்ணம் கல்கண்டு. நேராக என் முன்னால் வந்து நின்றது. "தங்கச்சி, நேரமாயிடுச்சா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து மழுப்பியிருக்கலாம். அதுதான் என் வழக்கம். ஆனால், அந்தக் கூட்டத்தில் எனக்காக வந்து நின்றது அது ஒன்றுதான். பெரியப்பா மகனுக்காக வைத்திருந்த மாலையை எடுத்து ஜமீன் கழுத்தில் போட்டேன்.

"அத்தை, எங்க அண்ணன் வந்துட்டாரு. ஆரம்பிக்கலாம்."

"என்னாடி, வெளயாடுறியா? சாம்பார் வாளி வக்கிற தட்டுல புள்ளைய உட்கார வப்பாங்களா?"

"ரெண்டு வாளி தாங்குது அத்தை. இவ ஒரு வாளி கனம் கூட இருக்க மாட்டா."

"நாளைக்கு ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வராத ஆளுங்களப் பத்தி ஊரு என்னா சொல்லுதோ, அதையும் சேத்துக் கேட்டுக்குறேன்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். ஆசாரிதான் முடித்துவைத்தார். "எனக்கு மடி ஆடாம இருந்தா போதும்மா. போன வாரம் ஒரு தாய்மாமன் ஊசியப் பார்த்ததும் மயக்கம் போட்டுட்டாரு."

கல்கண்டுக் கிண்ணத்தை எடுத்துவிட்டு மகளைத் தட்டில் உட்கார வைத்தேன். வாளி கைகாலை உதறாது, இவள் உதறுவாள் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஊசியைக் கண்டதும் யாழினி உதட்டைப் பிதுக்கினாள்.

ஜமீன் குரலைத் தாழ்த்தியது. "செல்லம், ஒருநாளு பெரிய புயல் வந்துச்சி. துறைமுகத்துல மாமன் மட்டும்தான் நின்னேன். புயலைப் பார்த்து, நில்லுன்னு சொன்னேன்."

"நின்னுச்சா?" என்றாள் யாழினி.

"நிக்காம? சொன்னது யாரு?"

ஒரு காது முடிந்திருந்தது. அவள் "ஸ்" என்று இழுத்தாளே தவிர, புயலை விட்டு வரவில்லை.

அப்போது பார்த்து ஜமீனின் நெஞ்சில் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு காது பாக்கி. பிள்ளையோடு உருண்டு போய்விடுமோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. ஜமீன் அசையவில்லை.

"டெல்லிக்கு ஒரு போன் போட்டு, இன்னிக்கு வர முடியாதுன்னு சொல்லிடு தங்கச்சி. நம்ம வீட்டு விசேஷம்."

மறு காதும் குத்தியாயிற்று. "அப்புறம் அந்தப் புயலு என் கால்ல வந்து..." என்பதோடு ஜமீனின் பேச்சு நின்றது. நீல விளக்குகள் அணைந்தன. கதை பாதியில் நின்ற பிறகுதான் யாழினி வீல் என்று அழ ஆரம்பித்தாள்.

மகளைத் தூக்கி அணைத்துக்கொண்டேன். அத்தை ஜமீன் பக்கத்தில் வந்தார். நழுவியிருந்த மாலையை இழுத்துச் சரிசெய்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒங்க அண்ணனுக்குக் கரண்டைக் குடுடி. எவ்ளோ நேரம் அப்படியே நிப்பாரு?"

பிறகு முதலாளி மண்டபத்தைக் குத்தகைக்கு விட்டார். ஜமீனை விழுப்புரத்தில் ஒரு துணிக்கடைக்காரர் வாங்கிப் போனார். அங்கே இப்போது என்னென்ன சாதித்துக்கொண்டிருக்கிறாரோ தெரியவில்லை. யாழினி பள்ளிக்கூடம் போகிறாள். பள்ளி வாசலில் காத்திருக்கும்போது, கூட நிற்கிற அம்மாக்கள் பேச்சுவாக்கில் கேட்பார்கள்: "உங்களுக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா?"

"ஒரே அண்ணன். விழுப்புரத்துல இருக்காரு."

"என்னா பண்றாரு?"

"நிறையப் பண்ணியிருக்காருங்க" என்பேன்.