ஹால்வர் செய்யாத வேலை

"உன்னை என்னவோன்னு நினைச்சிருந்தேன் ஹால்வர். ரொம்ப ரொம்ப நன்றி!"

சிக்னே பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டதில் ஹால்வரின் காபி பாதி சட்டையில் கொட்டியது. எதற்கு நன்றி என்று அவருக்குப் புரியவில்லை. குப்பையைக் கொட்டவில்லை. படகுக்கு வண்ணம் அடிக்கிறேன் என்று சொன்னதோடு சரி. ஆனாலும் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி காலங்கார்த்தாலே கட்டிப்பிடிப்பது அபூர்வம். காரணம் கேட்டுக் கெடுத்துக்கொள்வானேன்?

"அட, இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொல்லிவைத்தார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"விஷயமாவா? வந்து பாரு!" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய் ஜன்னலோரக் கணினி முன் நிறுத்தினாள்.

நேற்றுவரை அந்தத் திரை புயலுக்கு மறுநாள் துறைமுகம் மாதிரி இருந்தது. சிக்னேயின் பாடகர் குழுப் பாட்டுத் தாள்கள், 'புதிது', 'புதிது 2', 'கடைசி', 'நிஜமாகவே கடைசி' என்று கோப்புகள், நடுநடுவே ஹால்வர் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த ஃபெர்ரிக் கப்பலின் எஞ்சின், புகைப்போக்கிப் படங்கள். பின்னணியில் இருந்த கடல் கண்ணில் பட்டே வெகுகாலம் ஆகியிருந்தது. இன்றைக்குக் கடல் தெரிந்தது! மூலையில் அடக்கமாக நாலைந்து மஞ்சள் கோப்புறைகள். கீழே ஒரே வரிசையில் நாட்காட்டி, வானிலை, குறிப்பேடு, ரேடியோ என்று சிக்னே தினமும் திறக்கிற மென்பொருள்கள்.

"எனக்குப் பிடிச்சது எதெதுன்னு எப்படி இவ்வளவு சரியா கண்டுபிடிச்சே?"

உண்மையைச் சொல்ல ஹால்வர் வாயைத் திறந்தார். சமையலறையிலிருந்து வாஃபிள் வாசனை வந்தது. பழுப்புச் சீஸும் சீவி வைத்திருந்தது. வாயை மூடிக்கொண்டார். 'இந்தக் காலத்து எந்திரம், தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கும்' என்று சமாதானம் செய்துகொண்டு நாலு வாஃபிளை உள்ளே தள்ளினார்.

மறுநாள் பல் மருத்துவமனையில் வேலையிலிருந்த சிக்னே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"புதுப் பாட்டுத் தாளைக் குழுத் தலைவிக்கு அனுப்பிடு. நீதானே அடுக்கினே, உனக்கு ஒரு நிமிஷ வேலை."

எஞ்சின் லேசாக முனகினாலே எந்த வால்வு என்று சொல்லிவிடுகிற ஹால்வருக்கு மவுஸ் மட்டும் வசப்படவில்லை. பாட்டுத் தாள் இருந்த கோப்புறையை இழுத்தார். அது இன்னொரு கோப்புறைக்குள் விழுந்து மறைந்தது. அதைத் தேடி மற்றதைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே கொட்டினார். கடல் மறுபடி காணாமல் போனது. கடைசியில் கைக்குக் கிடைத்ததை அனுப்பிவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

குழுத் தலைவியிடமிருந்து பதில் வந்தது: "அழகான புகைப்போக்கி. எந்தச் சுருதியில் பாட வேண்டும்?"

பதறிப்போய்க் கைக்கு வந்த விசைகளையெல்லாம் சேர்த்து அமுக்கினார். திரையில் இருந்தது மொத்தமும் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. நிமிர்த்தத் தெரியவில்லை. கழுத்தைச் சாய்த்தே சற்று நேரம் வேலை பார்த்தார், வலித்தது. உடனே அவருக்குள்ளிருந்த எஞ்சின்காரர் விழித்துக்கொண்டார். காட்சி படுத்துக்கொண்டால் என்ன, திரையையும் அதற்கேற்றபடி படுக்கப்போட்டால் போயிற்று! திரையைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பி நெட்டுக்குத்தாக நிறுத்தி, இரண்டு தடித்த அகராதிகளை முட்டுக்கொடுத்து, படகுக் கயிற்றால் மேசையோடு சேர்த்துக் கட்டினார். வெகு பிரமாதமாக நின்றது.

சாயங்காலம் சிக்னே கோட்டைக் கழற்றாமலே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன இது?"

"பாட்டுத் தாள் நீளமா இருக்கும் பாரு... நெட்டுக்குத்தா வச்சா முழுசா தெரியும்னு..."

சிக்னேயின் உதடு துடித்தது. இருமினாள்.

"எனக்காக இவ்வளவு யோசிச்சியா! நன்றி ஹால்வர்" என்று நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, நேரே தங்கை தூரிட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "வர்ற சனிக்கிழமை உன் மடிக்கணினியையும் எடுத்துக்கிட்டு வாடி. ஹால்வர் கை பட்டா போதும், கண்ணாடி மாதிரி ஆயிடும்!"

மைத்துனியின் கணினியில் அவளுடைய குழந்தைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் இருந்தன. அவை புகைப்போக்கியோடு போய்ச் சேர்ந்தால் இரண்டு குடும்பமும் முகம் பார்த்துப் பேசாது. இப்போது உண்மையைச் சொல்லலாமென்றால், தின்ற வாஃபிளும் வாங்கிய முத்தமும் தொண்டையில் நின்றன.

மீன் பிடிக்கப் போகிறேன் என்று தூண்டிலை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். அங்கே தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராண்டி என்ற அம்மாள் கணினி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள்.

"தூண்டிலை வெளியே வை. இங்கே மீன் கிடையாது" என்றாள். "எது தெரியாது உனக்கு?"

"எதுவுமே தெரியாது."

"நல்லது. பாதி தெரிஞ்சவங்களோடதான் ரோதனை."

தொலைந்ததைத் தேடுவது, தேதிவாரியாக அடுக்குவது, ஒன்றை நகர்த்துமுன் நகல் எடுப்பது, படுத்த திரையை நிமிர்த்துவது என்று எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது வெறுங்கையோடு வரக்கூடாதே என்று கடையில் காட் மீன் வாங்கி வந்தார்.

சிக்னே பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்பல்லாம் கடல்லயே முள்ளெடுத்து, பிளாஸ்டிக்ல சுத்தித் தர்றாங்களா?"

"தண்ணி ரொம்பச் சில்லுனு இருந்தது" என்றார் ஹால்வர், சம்பந்தமே இல்லாமல்.

"பாவம். எனக்காகக் குளிர்ல நின்னிருக்கே. நன்றி."

அந்த வாரம் முழுக்க மீன் 'பிடித்தார்'. நடுவில் ஒரு நாள் ராண்டி கப்பல்கள் போகிற இடத்தைக் காட்டும் மென்பொருள் ஒன்றைத் திறந்துகாட்டினாள். கடல் படத்தில் சின்னச் சின்ன அம்புக்குறிகள் ஊர்ந்தன. அவற்றில் ஒன்றின் மேல் மவுஸை வைத்ததும் ஹால்வரின் பழைய ஃபெர்ரியின் பெயர் வந்தது. மலைகளுக்கு நடுவே புகுந்த ஃபியோர்டுக் கடற்கழியைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து துறைமுகப் பக்கமே போகாமலிருந்தவர் அவர்.

"கிழவி இன்னும் நேரத்துக்குத்தான் போறா" என்றார். குரல் கொஞ்சம் பிசிறியது. ராண்டி அதைக் கேட்காத மாதிரி அடுத்த மேசைக்குப் போனாள்.

வீட்டில் திரையை நிமிர்த்தி, கொட்டியதையெல்லாம் கோப்புறைகளில் அடுக்கி, கீழ் வரிசையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் அந்தக் கப்பல் மென்பொருளையும் வைத்தார். அதன் பிறகு காலைக் காபி அந்த மேசையில்தான். முதல் நாள் இந்தத் திரையை யார் ஒழுங்குபடுத்தினார்களோ, மனிதரோ எந்திரமோ, அவர்களுக்குத் தினமும் மனசுக்குள் ஒரு நன்றி சொன்னார்.

சனிக்கிழமை தூரிட்டும் அவள் கணவர் ஒட்வாரும் வந்தார்கள். ஹால்வர் முதலில் நகல் எடுத்தார். அப்புறம் படங்களை வருஷவாரியாகப் பிரித்தார். தூரிட்டுக்குப் பிடித்த மென்பொருள்களைக் கேட்டுக் கேட்டு வரிசைப்படுத்தினார். ஒன்றுகூடத் தொலையவில்லை.

"மாமா, நீங்க தெய்வம்!" என்றாள் தூரிட். அக்காளும் தங்கையும் கூடத்தில் உட்கார்ந்து பழைய படங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

சமையலறையில் ஒட்வார் தான் கொண்டுவந்திருந்த ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். ஹால்வருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சகலை, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதே. அன்னிக்கு சிக்னேயோட கணினியை அடுக்கினது நான் இல்ல. யாருன்னே தெரியாது. செய்யாத வேலைக்கு நன்றி வாங்கிக்கிட்டேன். அதுக்கு அப்புறம்தான் எல்லாத்தையும் கத்துக்கிட்டேன்."

ஒட்வாரின் கத்தி பாதியில் நின்றது. கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ரொட்டி, சகலை. நான் சுடவே சுடாத ரொட்டிக்குத் தூரிட் ஒரு நாள் என்னைக் கட்டிப்பிடிச்சு நன்றி சொன்னா. அன்னையிலேருந்து வாராவாரம் நான்தான் சுட்டுக்கிட்டிருக்கேன்."