வாய்தாச் சாமி

புளியஞ்சோலை ஓடைக்கரையில் வாய்தாச் சாமி குறி சொல்கிறார் என்றால் கொல்லிமலையே இறங்கி வந்துவிடும். மலைக்குப் பஸ் இல்லாத காலம். பக்தி இருந்தால் முழங்கால் வலிக்காது போலிருக்கிறது. யாருக்கு யார்மேல் கேஸ், எந்த நிலம், அடுத்த வாய்தா என்றைக்கு, எல்லாம் கேட்காமலே சொல்வார். கடவுள் எந்தக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தாரோ தெரியவில்லை.

சாமியின் உத்தரவு எல்லோருக்கும் ஒன்றுதான். "வாய்தா அன்னிக்கு மலையை விட்டு எறங்காதே. எறங்கினா நான் போட்ட மந்திரக் கட்டு ஒடஞ்சு போகும்."

மலைமேல் திருப்புலி நாட்டுச் சின்னையன் தன் வாய்தா அன்று அப்படியே வீட்டில் உட்கார்ந்து, சாமி கொடுத்த எலுமிச்சம்பழத்துக்குச் சூடம் காட்டினான். கீழே கோர்ட்டில் அவனும் இல்லை, அவனுடைய வக்கீல் ராசாமணியும் இல்லை. வழக்கிலிருந்த மிளகுக் காடு எதிராளிக்கே என்று தீர்ப்பாகிவிட்டது.

"செய்வினை. சட்டம் என்ன பண்ணும்? மறுபடி சாமியைப் பாருங்க" என்றார் ராசாமணி.

சின்னையன் தலையாட்டினான். அவன் மனைவி மயிலம்மாள் ஆட்டவில்லை. காடு போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஏது? அவள் வக்கீல் காதில் மட்டும் ஒன்றைப் போட்டாள்.

"ஏனுங்க, எங்கூட்டுப் பலாமரத்தடியில கருஞ்சேவத் தலை பொதைச்சுக் கெடந்துதுங்க. யாருகிட்டயும் சொல்லலீங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை சின்னையனைப் பார்த்ததும் சாமி ஆடினார். "பலாமரத்தடியில கருஞ்சேவத் தலை! எதிராளி வெச்ச வினை!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சின்னையன் மட்டும் விழித்தான்.

"எங்கூட்டுல பலாமரமே இல்லீங்க சாமி" என்றாள் மயிலம்மாள். "அந்தப் பொய்யை வக்கீலய்யாகிட்ட மட்டும்தானுங்க சொன்னேன்."

சாமி உடனே மலையேறிவிட்டது. வியர்த்து நின்றது வெறும் ஆள்.

கூட்டத்தில் பைல் நாட்டு மாதன் மெதுவாகக் கேட்டான். "எனக்கும் அவருதானுங்க வக்கீலு. உங்களுக்கு?"

எல்லோருக்கும் அவர்தான்.

மயிலம்மாள் வேறு வக்கீலைப் பிடித்தாள். கேஸைத் திரும்ப விசாரிக்கக் கோர்ட் சம்மதித்தது. பீஸ் வாங்கிக்கொண்டு, சாமியை வைத்துக் கட்சிக்காரர்களை மலையிலேயே நிறுத்தி, கேஸை நடத்தாமல் கெடுத்ததற்காக ராசாமணிமேலும் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கின் வாய்தாவுக்குச் சின்னையன் இறங்கி வந்தான். மலை அங்கேயேதான் இருந்தது.

ராசாமணியும் வந்திருந்தார், சேலத்திலிருந்து பெரிய வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு.

"ஏனுங்க வக்கீலய்யா" என்றாள் மயிலம்மாள், "உங்களுக்கு எலுமிச்சம்பழம் போதாதுங்களா?"

ராசாமணி பெரிய வக்கீலின் பின்னால் நகர்ந்துகொண்டார். அடுத்த முறை சூடம் வாங்கப் போகும்போது, அந்தக் கேள்விக்குப் பதிலை நீங்களே யோசித்துக்கொண்டு போங்கள்.