எண்பது டிகிரிக்குக் கீழே ஒரு பஸ்

பெருமதிப்பிற்குரிய லொரெய்ன் அத்தை அவர்களுக்கு,

டூசானுக்குத் தெற்கே, சக்கர வீடுகள் நிற்கும் டிரெய்லர் பார்க்கின் பதினேழாம் எண் இடத்திலிருந்து தங்கள் தம்பி மகள் ஷெல்பி பணிவுடன் எழுதுவது. ஒஹையோவில் நீங்களும் உங்கள் முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம், நான் சுகம். நாங்கள் குடியிருக்கும் பஸ் மட்டும் இடது பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

போன மாதம் போனில் நீங்கள் போட்ட நிபந்தனை எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. ஆகஸ்ட் முதல் தேதிக்குள், தொடர்ந்து மூன்று நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, பஸ்ஸுக்குள் எண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்களே விமானம் ஏறி வந்து அப்பாவைக் கூட்டிப் போய் உங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவீர்கள். படிவம்கூட வாங்கி வைத்துவிட்டீர்கள். "பொய் சொல்லாம எழுது" என்றீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம். பொய் என்றால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. போன ஜூலையில் அப்பாவின் வாடகை வீட்டில் ஏசி நின்றுபோய்ப் பத்தொன்பது நாள் யாரும் வரவில்லை. வீட்டுக்காரர் என்று ஓர் ஆள் இருந்தால் போய்க் கதவைத் தட்டலாம். அது ஒரு கம்பெனி. போன் செய்தால் பாட்டுப் போடும். பாட்டு முடிந்தால் மறுபடி அதே பாட்டு. நாற்பது வருடம் வீடு கட்டும் தச்சராக மரத்தூள் குடித்த நுரையீரல் இருபதாம் நாள் படுத்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அதே கம்பெனி வாடகையை ஏற்றிக் கடிதம் அனுப்பியது. ஊரில் பாதி வீடுகளைக் கட்டியவருக்கு ஊரில் ஒரு வீடு இல்லை. அதனால்தான் என் பஸ்ஸுக்கு வந்தார். ஒஹையோ போகிறீர்களா என்று கேட்டேன். "அக்கா நல்லவதான். ஆனா அங்க எல்லாரும் சாகறதுக்கு வரிசைல ஒக்காந்திருப்பாங்க. நான் இன்னும் டிக்கெட் எடுக்கல" என்றார்.

நான் வாங்கிய இந்தப் பஸ் பதினெட்டு வருடம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியது. இருபத்தி நான்கு ஜன்னல், தகரக் கூரை, ஏசி கிடையாது. நூற்றுப் பதினோரு டிகிரி வெயிலில் பிள்ளைகள் இதில்தான் வெந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதே நேரத்தில் பள்ளி நிர்வாக அலுவலகத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் வேலை இடமும் அப்படித்தான். பார்சல் கிடங்கில் சாக்லேட் வைக்கும் அறைக்கு மட்டும் ஏசி. எங்களுக்கு ஈரத் துண்டு. சாக்லேட் உருகினால் நஷ்டம், நாங்கள் உருகினால் வேறு ஆள்.

இருங்கள், ஏசிக்கு வருகிறேன். கூரையில் வைக்கிற ஏசியை வாங்கச் சொல்லி நீங்கள் படம் அனுப்பியிருந்தீர்கள். அதற்குக் கூரையில் பதினான்கு அங்குலத்துக்குச் சதுரமாக வெட்ட வேண்டும். அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "மழை உள்ள வரக்கூடாதுன்னுதான் கூரை. அதுல நானே ஓட்டை போடணுமா?" ஜன்னல் ஏசியென்றால் பஸ் ஓடும்போது யார் மடியில் வைத்துக்கொள்வது? ஆக, ஸ்பிளிட் ஏசி. ஒரு டன்னா, ஒன்றரை டன்னா என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். இணையத்தில் உள்ள எல்லாக் கணக்கும் வீட்டுக்கு. "உங்கள் வீடு எந்த ஆண்டு கட்டப்பட்டது, எத்தனை ஜன்னல்" என்று கேட்கும். இருபத்தி நான்கு என்று போட்டேன். மாளிகை என்று நினைத்து நான்கு டன் வாங்கச் சொன்னது. பஸ்ஸில் குடியிருப்பவர்களின் குழுவில் கேட்டேன். நாற்பது பேர் நாற்பது விதமாகச் சொன்னார்கள், இரண்டு பேர் சண்டை போட்டுக் குழுவை விட்டே போனார்கள். கடைசியில் பதினான்கு ஜன்னலைத் தகடு வைத்து அடைத்து, சுவருக்குள் சூடு தடுக்கும் பஞ்சுப் பலகை திணித்து, கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, ஒரு டன் போதும் என்று முடிவுக்கு வந்தோம்.

ஏசியை மாட்டிக் கொடுத்தது டுவேன். சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிகளைப் பழுது பார்க்கிறவன், என் சிநேகிதன், வாய் அதிகம். பஸ்ஸை அவன் வீட்டுப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினோம். அவனிடம் நான் கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை. குளிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "குளிர்னு ஒண்ணு கெடையாது. உள்ள இருக்கிற சூட்டக் கொண்டுபோய் வெளிய கொட்டுது, அவ்வளவுதான்" என்றான். அத்தை, அந்த ஒரு வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஒருத்தர் வீடு குளிர்ந்தால் அந்தச் சூடு யார் தலையிலோ விழத்தான் செய்கிறது. மலையடிவாரத்துப் பெரிய வீடுகள் எல்லாம் கொட்டுகிற சூடு எங்கே போகிறது என்று இப்போது தெரு தெருவாகப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

அவுட்டோர் யூனிட்டை பஸ்ஸின் பின்னால், அவசர வழிக் கதவை மறைக்காமல், இரும்புச் சட்டம் பற்றவைத்து நிறுத்தினான். குழாய் இணைத்தபின் கேஸ் திறப்பதற்கு முன் உள்ளே உள்ள காற்றை எல்லாம் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டுமாம். அரை மணி நேரம் மூன்று பேரும் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இப்ப குழாய்க்குள்ள என்னடா இருக்கு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல பெரியவரே."

"ஒண்ணுமில்லாதத பாக்கவா அரை மணி நேரமா வெயில்ல நிக்கிறேன்?"

இன்டோர் யூனிட்டை மாட்டும் வேலையை மட்டும் அப்பா யாருக்கும் விடவில்லை. அவர் கட்டிலுக்கு மேலே, அவரே எழுப்பிய பலகைச் சுவரில், அவருடைய ரசமட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குமிழ் நடுவில் நிற்கும்வரை அரைக்கால் அங்குலம் அரைக்கால் அங்குலமாக நகர்த்தினார். பிறகு தண்ணீர் போகும் குழாய் இருக்கும் வலது பக்கம் ஒரு நூல் இறக்கம் கொடுத்தார். இடையில் நான்கு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மாட்டி முடித்ததும் டுவேன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"பெரியவரே, மேல்தளத்தோட பாத்தா கோணலா தெரியுதே."

"மேல்தளம் கோணல்."

"ஜன்னலோட பாத்தாலும் கோணலாத்தான் இருக்கு."

"ஜன்னலும் கோணல். பஸ் கம்பெனிக்காரனுக்கு என்னடா தெரியும்? கண்ணு பொய் சொல்லும், குமிழ் சொல்லாது. நீ ஐஸ் பெட்டிய பாரு."

அந்த வாரமே அப்பா அலமாரி, அடுப்பு மேடை, தன் கட்டில் எல்லாவற்றையும் குமிழ் பார்த்து மாட்டினார். ஏசியை ஓட்டினோம். ஒரு மணி நேரத்தில் எழுபத்தி நாலு. தண்ணீர் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே போனது. அப்பா அதைப் பார்த்தபடி நின்ற பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு பஸ்ஸைப் பார்க்குக்கு ஓட்டி வந்தோம். நெடுஞ்சாலைக் காற்றில் அவுட்டோர் யூனிட்டின் விசிறி தானாகச் சுற்றி மோட்டார் கெட்டுவிடும் என்று டுவேன் அதை வாரால் கட்டியிருந்தான். வந்ததும் வாரை அவிழ்க்க மறந்து சுவிட்சைப் போட்டேன். அது கத்திய கத்தலில் பார்க் முழுக்க வெளியே வந்துவிட்டது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூட்டத்துக்கு முன்னால் நான் கற்ற பாடம் அது.

அடுத்த நாள் பிற்பகல் அப்பா படுத்திருந்தார். நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். சட்டியில் உடைத்து ஊற்றிய முட்டை நான் பார்க்கப் பார்க்க இடது பக்கமாக ஓடியது. இதென்ன என்று யோசிக்கிறேன், அந்தப் பக்கம் அப்பாவின் அலறல். ஏசியின் இடது ஓரத்திலிருந்து பனித்தண்ணீர் கயிறு போல அவர் வயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜூலை மழைக்காற்று ஆரம்பித்திருந்ததால் ஈரம் வேறு அதிகம். ஒரு வாளி தண்ணீர் இருக்கும். அவர் எழுந்த வேகத்தைப் பார்த்திருந்தால் நுரையீரல் டாக்டர் சந்தோஷப்பட்டிருப்பார்.

டுவேனுக்குப் போன் செய்தேன். வந்தான், பார்த்தான், வெளியே போய்த் தரையைப் பார்த்தான், திரும்பி வந்தான், சிரிக்க ஆரம்பித்தான். அவன் வீட்டுப் பின்பக்கம் நிலம் வலது பக்கம் சரிவு, அத்தை. பஸ் அங்கே சாய்ந்து நின்றது. சாய்ந்த பஸ்ஸுக்குள் அப்பா எல்லாவற்றையும் பூமிக்கு நேராக மாட்டியிருக்கிறார். வீடு என்றால் அது சரி. வீடு நகராது. பார்க்கில் சமமான சிமென்ட் தரையில் வந்து நின்றதும் பஸ் நேராகிவிட்டது, உள்ளே இருந்ததெல்லாம் கோணலாகிவிட்டது. பஸ்ஸுக்குள் ரசமட்டம் வைக்கக் கூடாது, பஸ்ஸின் தரையிலிருந்து அளக்க வேண்டும் என்பது பஸ்ஸில் குடியிருப்பவர்களின் குழுவில் கைக்குழந்தைக்கும் தெரியுமாம்.

"நாப்பது வருசத்துல நான் கட்டுன வீடு ஒண்ணாவது நகர்ந்துச்சா?" என்று அப்பா என்னைக் கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

யூனிட்டைக் கழற்றினால் குழாயைத் திருப்ப வேண்டும், கேஸ் விரயம், அலமாரியிலிருந்து கட்டில்வரை மறுபடி வேலை. டுவேன் அடுத்த மாதம் வருவதாகச் சொன்னான். அடுத்த மாதம் என்றால் உங்கள் ஆகஸ்ட் முதல் தேதி போய்விடும். அப்பா வெளியே போய்ச் சக்கரங்களைச் சுற்றி வந்தார். பிறகு நான்கு தடிப் பலகைகளைத் தேடி எடுத்துவரச் சொன்னார். இடது சக்கரங்களுக்குக் கீழே பலகையைப் போட்டுப் பஸ்ஸை ஏற்றி நிறுத்தினோம். டுவேன் வீட்டுப் பின்பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்ததோ அவ்வளவே சாய்ந்தது. இப்போது கட்டில் நேர், அடுப்பு நேர், ஏசி நேர். தரை மட்டும்தான் கோணல். வலது பக்கம் போக இறக்கம், இடது பக்கம் போக ஏற்றம். இரண்டு நாளில் கால் பழகிவிடுகிறது. தண்ணீர் ஒழுங்காக வெளியே போகிறது.

திங்கள் மூன்று மணிக்கு எழுபத்தேழு. செவ்வாய் எழுபத்தாறு. இன்று புதன். ஒன்றரை மணிக்கே எழுபத்தாறு ஆகிவிட்டது. மூன்று மணிக்கு அது எண்பதைத் தாண்ட ஒரு வழியும் இல்லை என்பதால் இப்போதே எழுதி முடிக்கிறேன். நீங்கள் கேட்ட மூன்று நாள் கணக்கு நிறைவேறிவிட்டது. தயவுசெய்து அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு சிறு தொல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பின்னால் பதினெட்டாம் எண்ணில் ஒஃபீலியா என்ற அம்மாள் ஏசி இல்லாத பழைய டிரெய்லரில் இருக்கிறார். எங்கள் அவுட்டோர் யூனிட் அவர் வாசலைப் பார்த்து ஊதுகிறது. காலையில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "ஏம்மா, ஒங்க அப்பாவ குளிர வைக்கிறதுக்கு என்னைய வறுக்கணுமா? எங்க வீட்டுத் திரைச்சீலை வெந்து போச்சு" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் திரும்பிப் போன பிறகும் அப்பா அந்த டிரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு தகடு வைத்து அனலை மேல்பக்கம் திருப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கடவுள் உங்களுக்கு வலியில்லாத முழங்காலையும் எங்களுக்கு நாலு மேகத்தையும் கொடுக்கட்டும். உங்கள் தேவாலயத்துத் தோழிகளையும் பூனையையும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

என்றும் தங்கள் ஆசியை நாடும்,
ஷெல்பி

பின்குறிப்பு: அத்தை, உறையை ஒட்டுவதற்குள் மணி மூன்றாகிவிட்டது. பொய் சொல்லக் கூடாது என்றீர்கள். இப்போது பஸ்ஸுக்குள் எண்பத்தேழு டிகிரி. ஏசி நன்றாகத்தான் ஓடுகிறது. தகடு வாங்க நான் கடைக்குப் போன நேரத்தில் அப்பா போய் ஒஃபீலியா அம்மாளை அழைத்து வந்திருக்கிறார். "நம்ம சூட்டத்தான அந்தம்மா வீட்டுல கொட்டுறோம்? அந்தம்மாவயே இங்க கொண்டாந்துட்டா முடிஞ்சு போச்சு" என்கிறார். அந்த அம்மாள் தன் தங்கையை அழைத்து வந்தார். தங்கை இருபதாம் எண்ணில் இருக்கும் நடக்க முடியாதவரைச் சக்கர நாற்காலியோடு கொண்டு வந்தார். சாய்ந்த தரையில் நாற்காலி ஓடிவிடாமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் இருவரோடு சேர்த்து மொத்தம் பதினொரு பேர், இரண்டு நாய். கதவு மூடுவதே இல்லை. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கும் அப்பா, அரை மணி நேரமாக நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறார். மேலே புதன்கிழமைக்கு நான் எழுதிய எழுபத்தாறை அடித்துவிடுங்கள். உங்கள் நிபந்தனைப்படி நான் தோற்றுவிட்டேன். ஒன்பது பேர் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் எண்பதுக்குக் கீழே வந்துவிடும். வெளியே நூற்றுப் பதிமூன்று. யாரை இறக்கிவிடுவது என்று நீங்களே சொல்லுங்கள். பெயர்களை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.