விசிலார் போட்ட கேஸ்

ரிட்டயர் ஆன ஆறாவது வருஷம் விசிலார் ஒரு சபதம் எடுத்தார். பெண்டாட்டிக்குத் தெரியாமல் வாழ்க்கையில் ஒரே ஒரு காரியமாவது செய்து முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது.

விசிலார் என்பது தெருக்காரர்கள் வைத்த பேர். முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வெளியே அவர் ஒரு ஊது ஊதினால் பஸ்ஸே நிற்கும். வீட்டில் அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தால் இவர் நிற்பார்.

காரியம் இதுதான். பத்து வருஷம் ஒழுங்காக வேலை பார்த்த கண்டக்டருக்கு ஒரு படி ஏற்றி, அதற்குத் தகுந்த சம்பளம் தரவேண்டும் என்று போக்குவரத்துக் கழகத்தில் சட்டம். கிரேடு என்பார்கள். விசிலாருக்கு அது வரவேயில்லை. பைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே போனது மேலேயே போய்ச் சேர்ந்துவிட்டது போல. இப்போது அவரோடு வேலை பார்த்த டிரைவர் ஒருத்தர் கோர்ட்டுக்குப் போய்ப் பாக்கியை மொத்தமாக வாங்கிவிட்டார். விசிலாரும் கிளம்பிவிட்டார்.

இதில் பெண்டாட்டிக்கு என்ன ஒளிவு மறைவு என்று கேட்பீர்கள். கிரேடு வந்துவிட்டதாக அவளிடம் என்றைக்கோ சொல்லிவிட்டாரே!

அன்றைக்கு மச்சினன், அதாவது அவள் தம்பி, ஆபீசில் பதவி உயர்வு கிடைத்ததென்று வந்து உட்கார்ந்திருந்தான். "என் தம்பி கெட்டிக்காரன்" என்று அவள் மூன்றாவது தடவை சொன்னபோது விசிலாருக்குப் பொறுக்கவில்லை. "எனக்கும்தான் கிரேடு வந்தாச்சு" என்று வாயை விட்டுவிட்டார். வாய் விட்ட வார்த்தைக்கு உடம்பு வட்டி கட்ட வேண்டியதாயிற்று. ஏறாத சம்பளத்தை மாசாமாசம் ஏற்றிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்க வேண்டுமே! டபுள் டியூட்டி பார்த்தார். காலையில் ஏறின பஸ்ஸிலிருந்து மறுநாள் காலையில் இறங்கினார். கால் இரண்டும் தூணாக வீங்கிற்று. இப்படி ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஒன்பது வருஷம்.

ஆகவே கோர்ட்டில் ஜெயித்தால் வருகிற பணம் முழுசும் அவருக்கே அவருக்கு. அவள் பங்கைத்தான் அவள் எப்போதோ வாங்கிவிட்டாளே. காலை நீட்டிச் சாய்கிற பெரிய நாற்காலி ஒன்றைக் கடையில் பார்த்தும் வைத்துவிட்டார்.

வக்கீலிடம் ஒரே நிபந்தனை போட்டார். "வீட்டுக்குத் தபால் வரக்கூடாது சார்."

"பின்னே எங்க அனுப்பறது?"

"முடி வெட்டற கடைக்கு அனுப்புங்க. கடைக்காரர் நமக்கு வேண்டியவர்."

தலையில் இருந்ததோ எண்ணி இருபது முடி. அதற்கு வாரம் இரண்டு தடவை கடைக்குப் போனார் மனுஷன்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்பாள் அவள்.

"முடி வெட்ட."

"எந்த முடியை?"

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவார்.

விசாரணை நாள் வந்தது. ரிட்டயர் ஆனவர்கள் சங்கத்தில் கூட்டம் என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் கோர்ட்டுக்குப் போய் நின்றார். நீதிபதி ஒரு அம்மா. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். விசிலாருக்கு அந்தப் பார்வை ஏற்கெனவே பழக்கம்.

கழகத்து வக்கீல் எழுந்தார். "அம்மா, இவர் வேலையில் இருந்த காலத்துல ஒரு வார்த்தை கேட்கலை. ரிட்டயர் ஆகியும் ஆறு வருஷம் தூங்கிட்டு இப்ப எழுந்து வந்திருக்கார். காலம் கடந்த கேஸ். தள்ளுபடி பண்ணணும்."

நீதிபதி விசிலார் பக்கம் திரும்பினார். "அப்பவே எழுதிக் கேட்டீங்களா?"

எங்கே கேட்டார்? வந்துவிட்டது என்று வீட்டில் சொன்னவர் வரவில்லை என்று ஆபீசில் எழுதுவாரா? தலையைச் சொறிந்தார். அவருடைய வக்கீல் கூரையைப் பார்த்தார். நாற்காலி கையை விட்டுப் போவது விசிலாருக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

"இவரோட சர்வீஸ் பைலைக் கொடுங்க" என்றார் நீதிபதி.

பைலை வாங்கிப் புரட்டினார். புரட்டின கை நின்றது. "ஒண்ணு இல்லை, ஒன்பது மனு இருக்கே! வருஷத்துக்கு ஒண்ணு!"

விசிலாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழகத்து வக்கீலுக்கு அதைவிட. ஒன்பதிலும் ஒரே வாசகம்தான் என்று சொல்லி, முதல் மனுவைக் குமாஸ்தாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார் நீதிபதி.

"மேலாளர் ஐயா அவர்களுக்கு. எனக்குச் சேரவேண்டிய கிரேடு வரவில்லை. வந்துவிட்டதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற மாதம் எட்டு டபுள் டியூட்டி பார்க்கிறேன். கால் வீங்கித் தூக்கத்தில் முனகுகிறேன். இதெல்லாம் என் மனைவிக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. சீக்கிரம் கிரேடு கொடுக்கவும். பணத்தை என் கையில் கொடுக்காமல் என் மனைவி கையில் கொடுக்கவும்."

கோர்ட்டில் ஒருத்தர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

விசிலார் மெதுவாகத் திரும்பினார். கடைசி பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள் அவர் பெண்டாட்டி.

"கையெழுத்து உங்களோடதுதானா?" என்று காகிதத்தை நீட்டினார் நீதிபதி.

பார்த்தார். அவருடையதேதான். வாலைச் சுழித்து விடுவது வேறு யாருக்கும் வராது. டிக்கெட் கணக்குத் தாளில் நாளுக்கு இருபது கையெழுத்துப் போட்டுப் போட்டு, எதையும் படிக்காமல் போடுகிற கை அது. பள்ளிக்கூடத்துக்கு, பாலுக்கு, வாடகைக்கு என்று அவள் விரலை வைத்த இடத்திலெல்லாம் போட்டிருக்கிறார்.

"நான் எழுதலைன்னு சொல்லிடுங்க பெரியவரே, மானமாவது மிஞ்சும்" என்று கழகத்து வக்கீல் கிசுகிசுத்தார்.

"ஆமான்னு சொல்லுங்க, இல்லேன்னா கேஸ் போச்சு" என்று சொந்த வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

இல்லை என்றால் ஒன்பது வருஷத்து வீங்கின காலுக்கு ஒரு பைசா கிடையாது. ஆமாம் என்றால் பொய்யன் என்று சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். நெரிசலில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்ட குரல், கொசு மாதிரி வந்தது.

"ஆமாங்கம்மா. என்னோடதுதான்."

நீதிபதி சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினார். "மனுதாரர் வருஷம் தவறாமல் கேட்டிருக்கிறார். தாமதம் கழகத்துடையது. மனுவில் கேட்டபடியே முழுத்தொகையையும் கொடுக்க வேண்டியது."

"ஜெயிச்சுட்டோம் சார்!" என்று வக்கீல் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மனுவில் கேட்டபடியேன்னா?"

"கேட்டபடியேன்னா கேட்டபடியேதான்." வக்கீலின் குரல் பாதியில் இறங்கிற்று. "சம்சாரம் கையில."

வெளியே மரத்தடியில் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். விசிலாருக்கு வாய் மூடவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டிரைவர் சம்சாரம் அன்னைக்கே சொல்லிட்டா, இந்த டிப்போவில ஒருத்தருக்கும் கிரேடு வரலைன்னு."

"கோர்ட் விஷயம்?"

"மொட்டைத் தலைக்குப் பதிவுத் தபால் வந்திருக்குன்னு முடி வெட்டறவர் கடை வாசல்ல நின்னு கத்தறார். தெருவுக்கே தெரியும். உங்களுக்குத்தான் ரகசியம்."

"பொய்யின்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேட்கலையே நீ?"

"கேட்டா என் தம்பி முன்னாடி தலை குனிஞ்சிருப்பீங்க. அதைப் பார்க்க எனக்கு மனசில்லை. கால் வீக்கத்தைப் பார்க்கவும் மனசில்லை. அதான் வருஷா வருஷம் எழுதி, உங்க கையெழுத்தை வாங்கி அனுப்பிக்கிட்டே இருந்தேன்." சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.

அவள் மனசு இளகியிருக்கிற இந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் வராது என்று விசிலாருக்குப் பட்டது. பக்கத்தில் நகர்ந்து நின்றார்.

"ஏம்மா, வர்ற பணத்துல எனக்குன்னு ஏதாவது கொஞ்சம்..."

அவள் கண்ணாடி இல்லாமலே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"மனு எழுதிக் கொடுங்க. ஒன்பது வருஷத்துல பார்த்துச் சொல்றேன்."