ரயிலைப் பார்க்காதவன் கட்டிய ஸ்டேஷன்

எதைப் பற்றி ஒன்றுமே தெரியாதோ, அதில் வியாபாரம் தொடங்குகிறவனுக்குத்தான் தைரியம் அதிகம். ரயிலை ஒரு தடவைகூடப் பார்க்காத நான், போர்ட் பிளேரில் உட்கார்ந்துகொண்டு ரயில்வே ஸ்டேஷன் கட்டி விற்கப் புறப்பட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கைக் கணக்கெடுக்கும் குமாஸ்தா நான். பிறந்ததும் வளர்ந்ததும் தீவில்தான். மெயின்லேண்ட் என்றால் எனக்கு மூட்டையும் பெட்டியும் வந்து இறங்குகிற இடம், அவ்வளவுதான். எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ரெக்ரியேஷன் ஹால் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் துறைமுக இன்ஜினியர் நாயர் சாப் அங்கே பொம்மை ரயில் ஓட்டுவார். விடுமுறையில் ஊருக்குப் போனபோது வாங்கி வந்தது. சாவி கொடுத்தால் தகரத் தண்டவாளத்தில் ஓடும்.

அதைச் சும்மா ஓட்டினால் பரவாயில்லை. அவரும் மூன்று நான்கு அதிகாரிகளும் சேர்ந்து ஒரு முழு ரயில்வேயே நடத்தினார்கள். ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர், ஒருவர் கார்டு, ஒருவர் சிக்னல். கால அட்டவணை உண்டு. வண்டி தாமதமானால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். (ரயிலே இல்லாத தீவில் ரயில் தாமதத்துக்கு விளக்கம். சம்பளம் கொடுத்தால்கூட நம் ஆபீஸ்களில் இவ்வளவு ஒழுங்கு வராது.) ஒரே குறை, ஸ்டேஷனுக்குப் பதில் சிகரெட் பெட்டி, குடோனுக்குப் பதில் தீப்பெட்டி. மெயின்லேண்டிலிருந்து தருவித்த வீடும் மரமும் கப்பலில் நொறுங்கி வந்தன.

இந்த நொறுங்கல் என் கண்ணில் பட்டதும் மூளையில் மணி அடித்தது. துறைமுகத்தில் உடைந்த பெட்டிப் பலகைக்குப் பஞ்சமில்லை. பிசினும் பெயிண்டும் இருந்தால் போதும். தேங்காய் நாரைப் பச்சையில் முக்கி, குச்சியில் சுற்றி நாலு மரம் செய்து கொடுத்தேன். நாயர் சாப் அசந்துவிட்டார். பிறகு ஒரு கைகாட்டி மரம், ஒரு வேலி, ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான், எனக்குத் தலை கால் புரியவில்லை. கூட வேலை செய்த மாணிக்கத்தைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டேன்.

மாணிக்கத்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அவன் திருநெல்வேலியிலிருந்து மெட்ராஸ் வரை ரயிலில் வந்து கப்பல் ஏறியவன். எங்கள் கம்பெனியின் ரயில்வே நிபுணர் அவன்தான். அவன் பயணம் முழுக்கக் கக்கூஸ் கதவோரம், முகத்துக்கு நேரே யாருடைய மூட்டையோ இருக்க நின்றபடி வந்தவன் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று கேட்டால் கண்ணை மூடி யோசித்து, "ஒரே கூட்டமா இருக்கும்லே" என்பான்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆர்டர் வந்தது. மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு வருகிறார், ஹாலில் விழா, அவர் மனைவி கொடியசைத்து ரயிலைத் தொடங்கி வைப்பார். அதற்கு ஒரு ஸ்டேஷனும் குகை வைத்த மலையும் வேண்டும் என்றார் நாயர் சாப்.

எனக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. லம்பா லைன் என்கிற பகுதியில் ஒரு கான்ட்ராக்டர் இருந்தார். அவர் மகள் கனகாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா மாப்பிள்ளையா என்று அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். விழாவுக்கு வந்து என் தொழிலைப் பார்க்கும்படி ஆள் விட்டுச் சொன்னேன். மகளையும் அழைத்து வருவதாகப் பதில் வந்தது. அன்றிலிருந்து ராத்திரியும் வேலை நடந்தது.

ஸ்டேஷன் முதலில் முடிந்தது. நான் பார்த்திருந்த ஸ்டேஷன் என்றால், பாராடாங் தீவுக்குப் போகும் படகுக்கு ஜனங்கள் காத்திருக்கும் ஜெட்டி ஒன்றுதான். அதையே மனதில் வைத்துக் கட்டினேன். தூண்கள் மேல் மேடை, ஏறி இறங்கப் பலகை, கயிறு கட்டக் கட்டைகள், கைப்பிடியில் வரிசையாக உயிர்காக்கும் வளையங்கள். மாணிக்கம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, கூட்டம் மட்டும்தான் இல்லை என்றான்.

பிறகு மலை. பலகைச் சட்டம் அடித்து, சாக்கைப் போர்த்தி, கஞ்சியில் ஊறவைத்த காகிதத்தை அப்பினேன். அடியில் பலகை போட்டு, குகைக்குள் வரும் தண்டவாளத்தை அதிலேயே ஆணியடித்துவிட்டேன். குகை வாய் எவ்வளவு என்பதில் மாணிக்கம் விட்டுக்கொடுக்கவில்லை. ரயில் ரொம்பப் பெரிசு என்று சாதித்தான். அவன் பேச்சைக் கேட்டு ஒரு குண்டான் உள்ளே போகிற அளவுக்கு வெட்டினேன். காயும்வரை அமுங்காமல் இருக்க உள்ளே தேங்காய் நாரைத் திணித்து, வீட்டுக் கொல்லையில் கூரைக்கடியில் வைத்தேன். மழைக்காலம், காயவே நாளாயிற்று. இடையில் அம்மாவின் அடைக்கோழி காணாமல் போனது. உடும்பு தூக்கிவிட்டது என்று அம்மா இரண்டு நாள் புலம்பினாள். எனக்கு மலை இருந்தது, கோழியைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

விழாவன்று மலையைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோது கனமாகத்தான் இருந்தது. மழைத் தண்ணீரைக் குடித்திருக்கும் என்றான் நிபுணர். வழியில் மழை பிடித்துக்கொண்டதால் ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது விருந்தினர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவசர அவசரமாகத் தண்டவாளத்தை இரண்டு பக்கமும் இணைத்தோம்.

நாயர் சாப் என் காதருகே குனிந்து, "சுந்தரம், உள்ளே எல்லாம் க்ளியர் தானே?" என்றார்.

"க்ளியர் சாப்" என்றேன். குனிந்து பார்க்கக்கூட இல்லை. முன்வரிசையில் கனகா உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரியின் மனைவி பச்சைக் கொடியை அசைத்தார். நாயர் சாப் விசில் ஊதினார். ரயில் புறப்பட்டு ஸ்டேஷனைக் கடந்தது. உயிர்காக்கும் வளையங்கள் எதற்கு என்று அந்தம்மா இந்தியில் கேட்டார். நாயர் சாப் சற்றும் அசராமல், இது தீவு ரயில்வே மேடம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கான்ட்ராக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் வாழ்க்கையின் உச்சம் அந்தத் தலையாட்டல்தான். ரயில் குகைக்குள் நுழைந்தது.

வெளியே வரவில்லை.

மலைக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. அடுத்து மலை ஆடியது. என் தேங்காய் நார் மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பிறகு, நாலு வீட்டுக்குக் கேட்கிற கூச்சலோடு, அம்மாவின் அடைக்கோழி குகை வாயைக் கிழித்துக்கொண்டு பறந்து வந்து, பெரிய அதிகாரிக்காக வைத்திருந்த மாலை மேல் இறங்கியது.

அதோடு விட்டிருக்கலாம். வழி கிடைத்ததும், சாவி தீராத ரயில் கடமையாகக் கிளம்பிவிட்டது. குகையிலிருந்து வெளியே வந்தபோது இன்ஜினுக்கு முன்னால் ஒரு முட்டை உருண்டு வந்தது. பெட்டிகளின் மேல் மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது. முட்டை ஸ்டேஷன்வரை வந்து, மேடையருகே நின்றது. (நேரத்துக்கு வந்ததாகக் கால அட்டவணை பார்த்தவர் பிறகு சொன்னார்.)

அதிகாரியின் சின்னப் பெண் நாற்காலி மேல் ஏறி நின்று, "பாபா, அண்டா ஆயா" என்றாள்.

இந்தியில் அண்டா என்றால் முட்டை. முட்டை வந்துவிட்டது என்று குழந்தை அறிவித்ததும் ஹாலே சிரிப்பில் வெடித்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நாயர் சாப் விசிலை வாயில் வைத்தபடி சிரித்ததால் அது தனியாக ஊதிக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டர் தூணைப் பிடித்துக்கொண்டார். நான் கோழியைப் பிடிக்க மேஜைக்கடியில் தவழ்ந்தேன். அது எனக்கு மட்டும் அகப்படவில்லை.

தலையை வெளியே நீட்டியபோது கனகா நின்றுகொண்டிருந்தாள். கோழி அவள் கக்கத்தில், இறக்கை மடக்கி, பூனைக்குட்டி மாதிரி அடங்கி இருந்தது.

"கோழி உங்களோடதா?" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"இல்ல, அம்மாவோடது" என்றேன். உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

அவள் அதன்பின் சிரித்ததில் கோழி மறுபடி பறந்துவிட்டது.

எங்கள் கம்பெனிக்கு அதற்குமேல் ஆர்டர் எதுவும் வரவில்லை. ஜெட்டி மாதிரியான அந்த ஸ்டேஷனை மட்டும் நாயர் சாப், மாற்றலாகிப் போனபோது பத்திரமாகக் கட்டிக்கொண்டு போனார். ஆனால் விழாவுக்கு மறுநாள் துறைமுகத்தில் நுழைந்ததுமே கிரேன் ஓட்டுகிறவர் மேலிருந்து, "ஏ அண்டாவாலா" என்று கூப்பிட்டார். ஒரே வாரத்தில் ஹேடோ முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

புதிதாகக் கப்பல் இறங்கிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்தி தெரியாது. அண்டாவாலா என்று ஒருவன் இருக்கிறான் என்பது மட்டும் அவர்கள் காதில் விழுந்தது. ஒருநாள் பாராடாங்கிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்து, தங்கச்சி கல்யாணத்துக்கு சாம்பார் வைக்க ஒரு அண்டாவும் சோற்றுக்கு ஒன்றும் வாடகைக்குக் கேட்டார். நான் கோழிக் கதையை முழுக்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் இன்னொருவர். அதற்கடுத்து ஒரு குடும்பமே வந்தது.

இது லம்பா லைனுக்கு எட்டியது. சம்பந்தம் முறிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். கான்ட்ராக்டர் நேரில் வந்து கொல்லைவரை பார்த்துவிட்டு, "இத்தன பேரு கேக்குறாங்கன்னா வாங்கிப் போட வேண்டியதுதான மாப்ள, என்ன யோசன?" என்றார். மாப்ள என்ற சொல்லைக் கேட்டபின் அவர் சொன்ன மற்றது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அடுத்த கப்பலில் பித்தளை அண்டாக்கள் வந்து இறங்கின. அவற்றில் முதலில் சோறு வடித்தது எங்கள் கல்யாணத்துக்குத்தான். அதற்குப் பிறகு போர்ட் பிளேர் தமிழ்க் கல்யாணங்களில் பெரும்பாலும் எங்கள் பாத்திரம்தான். ஒவ்வொரு பந்தியிலும் யாராவது ஒருவர் இந்தக் கதையைப் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். கோழியின் அளவு வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

இப்போது கடையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் வீட்டிலிருந்து ஃபோன் எடுப்பதோடு சரி. யாரிடமாவது, "நாளைக்குக் காலையில அண்டா வந்துரும்" என்று நான் சொன்னால் போதும். அடுப்படியிலிருந்து கனகா குரல் கொடுப்பாள்:

"எந்த அண்டான்னு கேட்டுக்கங்க. நெளியறதா, உடையறதா?"